மலையேறிய காவிரி

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை அடுத்து அமைந்த நகரம் ஓசூர். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலமாதலின், அதன் தட்பவெப்பம் இனியது. 1971ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனம் அங்குத் தொழிற்பேட்டை அமைத்தபின் ஆலைகள் பெருகின, மக்களும் பெருகினர். 2019ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சியாயிற்று. ஆயின், ஊர் வளர்ந்த அளவிற்கு நல்ல நீர் வளரவில்லை.

நகருக்கு அருகே தென்பெண்ணை ஓடுகின்றது. அது பெங்களூருப் பகுதியின் கழிவுகளைச் சுமந்து வருவதால், கெலவரப்பள்ளி அணையில் பலமுறை வெண்ணுரை பொங்கியதுண்டு. நிலத்தடி நீருக்கோ வேறொரு குறை உண்டு. கிருட்டினகிரி, தருமபுரி மாவட்டங்களின் பாறைகளில் புளூரைடு என்னும் உப்பு கலந்துள்ளது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீரில் அது கரைகின்றது. ஒரு லிட்டர் குடிநீரில் அது 1.5 மில்லிகிராமுக்கு மிகுதல் ஆகாது. மிகுந்தால் சிறுவர் பற்களில் பழுப்புக்கறை படியும். அளவு மேலும் மிகுந்து ஆண்டுகள் பல சென்றால் எலும்புகள் விறைத்து முதுகு வளையும். இந்நஞ்சு கண்ணுக்குப் புலனாகாது, காய்ச்சினாலும் நீங்காது. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று என்பது இதனால் விளங்கும்.

இத்துன்பம் தீர்க்க எழுந்ததே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். சப்பான் நாட்டின் கடனுதவியுடன், 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இதனை நிறைவேற்றியது. 2008ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013ஆம் ஆண்டில் இது தொடங்கிவைக்கப்பெற்றது. ஒகேனக்கல்லில் எடுக்கப்படும் காவிரிநீர் சுத்திகரிக்கப்பட்டு, குழாய்கள் வழியே இரு மாவட்டங்களுக்கும் செல்கின்றது. பள்ளம் நோக்கிப் பாய்வது நீரின் இயல்பு. இங்கோ அது 600 மீட்டருக்கும் மேலாக ஏறியே ஓசூரை அடைதல் வேண்டும். இடையிடையே உள்ள நீரேற்று நிலையங்கள் அதனை மேலே உந்துகின்றன.

ஆதலின், வழியில் ஒழுகும் ஒவ்வொரு குடம் நீரோடும் அதனை ஏற்றிய மின்னாற்றலும் வீணாகின்றது. அன்றியும், குழாயில் அழுத்தம் குறையும்போது, வெடிப்பின் வழியே புறத்துள்ள அழுக்குநீர் உட்புகும். காவிரிநீர் சிலநாள் வாராதொழியின், மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றையே நாடுவர். நீங்கிய நஞ்சு மீண்டும் குடத்தில் ஏறும். எனவே, குழாய்ப் பழுதைத் தாழாது சீர்செய்தலும், வால்வுகளைப் பேணுதலும், மேல்நிலைத் தொட்டிகளைக் காலந்தோறும் கழுவுதலும், குளோரின் அளவை நாள்தோறும் ஆராய்தலும் சிறுபணிகள் அல்ல; பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் காக்கும் பெரும்பணிகள். பழைய குழாய்களை மாற்றுதலும், பெருகும் மக்களுக்கேற்பத் தொட்டிகளை மிகுத்தலும் அரசின் கடமை. கசிவு கண்டவிடத்து உடனே அறிவித்தலும், குழாயில் திருட்டு இணைப்புக் கொள்ளாமையும் குடிமக்கள் கடமை.

நீரைக் கொணர்தல் ஒருகாலத்து முடியும் செயல். காத்தலோ என்றும் முடியாத செயல். கொணர்ந்தோர் புகழ் கல்வெட்டில் நிற்கும். காப்போர் பயன் மக்களின் நல்லுடலில் நிற்கும்.