மலைவழி காப்போர்

காட்டினூடே வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதையைக் காண்போர், அது தானே தோன்றித் தானே நிலைத்திருப்பதாக எண்ணுவர். உண்மை அதுவன்று. மழையும் பனியும் காற்றும் ஆண்டுதோறும் மலைவழியை அழிக்க முயல்கின்றன. அதன்மேல் அன்பு கொண்டு நடப்போரும் அறியாமையால் அதற்குக் கேடு சூழ்வதுண்டு. காப்போர் இல்லையேல் எந்த மலைவழியும் நெடுநாள் நிலைபெறாது. அமெரிக்க நாட்டின் வடகிழக்கிலுள்ள வெர்மாண்ட் மாநிலத்தின் ‘நெடுவழி’ இதற்குத் தக்க சான்றாகும்.

ஆசிரியர் ஒருவரின் எண்ணம்

வெர்மாண்ட் மாநிலத்தின் நடுவே பச்சைமலைத் தொடர் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கின்றது. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் அம்மாநிலத்துப் பள்ளியொன்றில் துணைத் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். மாணவர்களை மலைகளுக்கு அழைத்துச் செல்வதில் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு. ஆனால், அங்கிருந்த பாதைகள் சிலவே. அவையும் ஒன்றோடொன்று இணையாமல் கிடந்தன. 1909ஆம் ஆண்டில் ஸ்ட்ராட்டன் மலைமீது மூடுபனி விலகுவதற்காகக் காத்திருந்தபோது, மலைத்தொடர் முழுவதையும் இணைக்கும் வழியொன்றை அமைக்கும் எண்ணம் அவருள்ளத்தில் எழுந்தது என்பர். மறு ஆண்டில் பர்லிங்டன் நகரில் 23 பேர் ஒன்றுகூடிப் பச்சைமலைக் கழகத்தை நிறுவினர். பல்லாண்டு உழைப்பின் பயனாக 1930இல் நெடுவழி முற்றுப்பெற்றது. மாசசூசெட்ஸ் மாநில எல்லையில் தொடங்கிக் கனடா நாட்டு எல்லை வரையில் அது ஏறத்தாழ 440 கிலோமீட்டர் செல்கின்றது.

சேற்றுப் பருவம்

வெர்மாண்டின் குளிர்காலம் நெடியது, கடியது. மே மாதத்தில் பள்ளத்தாக்கிலுள்ள மேப்பிள் மரங்கள் தளிர்த்துவிடும். உயர்ந்த சிகரங்களிலோ அப்போதும் பனி எஞ்சியிருக்கும். அப்பனி உருகும்போது, அடிமண் இன்னும் உறைந்து கிடப்பதால், நீர் கீழிறங்க வழியின்றி மேல்மண்ணிலேயே தேங்கும். பாதை முழுதும் சேறாகும். இக்காலத்தை அந்நாட்டு மக்கள் ‘சேற்றுப் பருவம்’ என்றே வழங்குகின்றனர்.

இக்காலத்தில் ஒருவர் பதிக்கும் அடி ஆழ்ந்த குழியாகின்றது; அக்குழியில் நீர் நிற்கின்றது. அடுத்து வருவோர் காலணி அழுக்காகுமே என்று அஞ்சிப் பாதையின் ஓரமாக நடக்கின்றனர். ஓரத்துச் செடிகள் மிதியுண்டு மடிகின்றன. வேர்கள் பற்றியிருந்த மண் கரைந்தோடுகின்றது. ஒருவர் செல்லும் அளவான பாதை நாளடைவில் அகன்ற சேற்றுப் பள்ளமாகிவிடுகின்றது. இதனால், மார்ச்சு மாத இறுதி முதல் மே மாத இறுதி வரையில் உயரமான வழிகளில் நடக்க வேண்டா எனக் கழகத்தினர் வேண்டிக்கொள்கின்றனர். அதன் பின்னரும் சேறு எதிர்ப்பட்டால், அதனைச் சுற்றிச் செல்லாது நடுவே நடந்து செல்லுதல் வேண்டும். காலணியில் படிந்த சேற்றைக் கழுவிவிடலாம். அழிந்த செடியை மீட்பது எளிதன்று.

மான்ஸ்ஃபீல்டு சிகரத்தில் இக்கட்டுப்பாடு இன்னும் இன்றியமையாதது. 1,339 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தில், வடதுருவ நாடுகளில் வளர்வன போன்ற சிறு செடிகள் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. கடுங்காற்றையும் கொடும்பனியையும் தாங்கி நிற்கும் அவை, மனிதரின் காலடியைத் தாங்கமாட்டா. ஆதலால் அங்கே பாறைகள்மீதே நடத்தல் வேண்டும்.

கோடையின் தொடக்கத்தில்

ஈரம் ஓரளவு உலர்ந்ததும் காப்போர் மலையேறுகின்றனர். இவர்களுள் ஊதியம் பெறாத தொண்டர்கள் பலர். ஒவ்வொருவரும் வழியின் ஒரு பகுதியைத் தம் பொறுப்பாக ஏற்றுப் பேணுகின்றனர். கடித்துத் துன்புறுத்தும் கறுப்பு ஈக்கள் கூட்டமாக மொய்க்கும் காலமும் அதுவே. அதனைப் பொருட்படுத்தாது கோடரி, இரம்பம், மண்வெட்டி ஆகியவற்றைச் சுமந்து அவர்கள் செல்கின்றனர்.

முதலில், குளிர்காலத்தில் பாதைக்குக் குறுக்கே விழுந்த மரங்களை அறுத்து அகற்றுகின்றனர். பிறகு நீரைக் கவனிக்கின்றனர். சரிவில் இறங்கும் பாதை மழைநாளில் ஓடையாக மாறிவிடும். அந்நீரை அணைபோட்டுத் தடுக்க இயலாது, விலக்கிவிடவே இயலும். ஆகவே கற்களையோ மரக்கட்டையையோ பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதிக்கின்றனர். ஓடிவரும் நீர் அதில் மோதிப் பக்கவாட்டில் திரும்பிக் காட்டுக்குள் சென்று பரவும். ஆனால் சருகும் மண்ணும் சேர்ந்து அவ்வடைப்பின் வாயைத் தூர்த்துவிட்டால், நீர் மீண்டும் பாதையில் பாயும். எனவே ஆண்டுதோறும் அதனைத் தூர்வாருதல் வேண்டும். மேலும், சதுப்பு நிலங்களில் பலகைகள் இடுவதும், செங்குத்தான இடங்களில் கற்படிகள் அமைப்பதும், மரங்களில் மங்கிய வெண்ணிற அடையாளங்களைப் புதுப்பிப்பதும் அவர்தம் பணிகளாகும்.

சில ஆண்டுகளில் இயற்கையின் சீற்றம் மிகுதியாகும். 1938 செப்டம்பரில் வீசிய பெரும்புயல் அப்பகுதிக் காடுகளில் எண்ணற்ற மரங்களை வீழ்த்தியது. 2023 சூலையில் பெய்த பெருமழை வெர்மாண்டில் வெள்ளத்தை விளைவித்து மலைவழிகளையும் அரித்தது. ஒவ்வொரு முறையும் காப்போர் மீண்டும் கருவிகளோடு சென்று வழியைச் செப்பனிட்டனர்.

இப்பணியில் புகழ் சிறிதே. நீர் விலகிச் சென்றால், நீர் வந்ததையே எவரும் அறியார். விழுந்த மரம் அகற்றப்பட்டால், அது கிடந்த இடத்தையே எவரும் நோக்கார். பணி செவ்வையாக முடிந்தது என்பதற்கு அதுவே அறிகுறி. நெடுவழியை அமைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. காக்கும் பணிக்கோ முடிவே இல்லை. பொதுப்பொருள் யாவற்றிற்கும் இது பொருந்தும். கிணறாயினும் சாலையாயினும் பள்ளிக்கூடமாயினும், அமைத்தவர் ஒருமுறை உழைத்தனர். பயன்கொள்வோர் என்றும் பேணுதல் வேண்டும்.

வினாக்கள்

1. நெடுவழி அமைக்கும் எண்ணம் யாருக்கு, எவ்வாறு தோன்றியது?
2. சேற்றைச் சுற்றி நடப்பதால் விளையும் கேடுகள் யாவை?
3. பாதையில் பாயும் நீரைக் காப்போர் எவ்வாறு விலக்குகின்றனர்?
4. உங்கள் ஊரில் பலரும் பயன்கொள்ளும் பொதுப்பொருள் ஒன்றினைப் பேணும் முறை குறித்து ஒரு பத்தி எழுதுக.