ஹூசாபெல் கல்

ஐஸ்லாந்து நாட்டின் மேற்குப் பகுதியில் ஹூசாபெல் என்னும் சிற்றூர் உளது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கு வாழ்ந்த ஸ்னோரி பியோர்ன்சன் என்னும் பாதிரியார், கற்களை அடுக்கி ஆட்டுப்பட்டி ஒன்று அமைத்தார். அதன் வாயிலை அடைத்து நின்ற கல்லே பின்னர் வலியோரின் உரைகல்லாயிற்று. அதன் எடை 186 கிலோகிராம்.

எடையினும் கொடியது அதன் வடிவம். தட்டையான முக்கோணம், பற்றுதற்குக் காதும் இல்லை, வளையமும் இல்லை. சுமப்போன் அதனை மார்போடு அணைத்துக்கொண்டு நடத்தல் வேண்டும். அவ்வாறு அணைக்குங்கால் கல் விலாவை நெருக்குகின்றது; மூச்சு முழுமையாக உட்புகுவதில்லை. ஆதலின், கால்கள் உறுதியாக நிற்கும்போதே மூச்சு தளர்ந்துவிடுதல் உண்டு. பட்டியை ஒருமுறை சுற்றி வருபவனையே முழு வலியன் என மதித்தனர். பாதிரியாரின் மகளே அதனைச் சுமந்தாள் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதைதான், எனினும் கேட்க இனியது!

1977-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் உலக வலியோர் போட்டி தொடங்கிற்று. பின்னர், நாடு நாடாகச் சென்று நடத்தப்பெறும் பந்தயங்களும் தோன்றின. மூலக் கல்லை எங்கும் கொண்டு செல்ல ஒண்ணுமோ? அதன் வடிவில் செய்த படிகளே அப்பந்தயங்களில் இடம்பெற்றன.

ஐஸ்லாந்து வீரர் யோன் பால் சிக்மார்சன் 1984, 1986, 1988, 1990 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். நாடே அவரைக் கொண்டாடிற்று. 1993-இல், தம் 32-ஆம் வயதில், உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குங்கால் பெருந்தமனி கிழிந்து உயிர் நீத்தார். திரண்ட தோள்களைக் கண்டோர், உள்ளே மெலிந்திருந்த அக்குழாயைக் கண்டிலர்.

மூலக் கல் இன்றும் ஹூசாபெல்லில் பட்டியருகே கிடக்கின்றது. காவல் இல்லை, கட்டணம் இல்லை. வருவோர் எவரும் குனிந்து தூக்கிப் பார்க்கலாம்.