கிணற்றை அளந்துவிட்டுச் சொல், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போர் போடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். போனிலேயே சொல்லியிருப்பேன், நீ எப்போதும் மோட்டார் ரூமை ஒட்டி நின்றுதான் பேசுகிறாய், பாதிப் பேச்சு அந்தச் சத்தத்திலேயே போய்விடுகிறது. தவிர, போர் வேண்டாம் என்கிறவன் வேறென்ன செய்வது என்றும் சொல்லியாக வேண்டும். அதற்குக் கடிதம்தான் தோது.

உங்கப்பா முட்டி ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடக்கிற வருஷமாகப் பார்த்து மழை ஏமாற்றிவிட்டது. தோட்டம் பையன் கைக்கு வந்த முதல் கோடையே இப்படியா என்று உங்கம்மா புலம்பினாள். எனக்கு அதில் அவ்வளவு வருத்தமில்லை. கிணறு நிறைந்த வருஷத்தில் தோட்டம் பழகுகிறவன் மடை திருப்ப மட்டும்தான் பழகுவான்.

நம் காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் அடியில் கடும்பாறை. மேலாக மக்கிய பாறை கொஞ்சம், அதற்குக் கீழே வெடிப்புகளுக்குள் நிற்பதுதான் தண்ணீர். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். 1000 அடி ஓட்டியும் புகைதான் வந்தது என்று ஊரில் பேசிக்கொள்வது இதனால்தான். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவருக்கு அது எழுந்து நின்றால் போதும். ரிக் வண்டிக்காரருக்கோ அடிக்கணக்கில் கூலி. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடி அடிதான். தப்பித்தவறிக் கிடைத்தாலும் பல இடங்களில் உப்புத் தண்ணீர். சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொள்ளும்.

2016இல் நீ பள்ளிக்கூடத்துப் பையன். தமிழ்நாட்டில் சராசரியாக 440 மி.மீ. பெய்ய வேண்டிய வடகிழக்குப் பருவமழை அந்த வருஷம் 168 மி.மீ. சுற்றித்தான் பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் ராத்திரி எந்தப் பக்கம் காது கொடுத்தாலும் ரிக் சத்தம். நகையை வைத்துப் போர் போட்டவர்களில் பலருக்குத் தென்னையும் போனது, கடனும் நின்றது. தப்பித்த தோப்புகளில் நான் கண்ட பொது விஷயம், இருக்கிற தண்ணீரை யார் யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டது. நீயும் அதைச் செய்.

அதற்குக் கிணற்றை அளக்க வேண்டும். ஒரு கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டு, அடிக்கு ஒரு முடிச்சுப் போடு. சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் மட்டத்தைக் குறி. விடிந்ததும் மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் மறுபடி பார். அந்த வித்தியாசம்தான் உன் ஊற்று, உன் வருமானம். ஒரு வாரம் பார்த்து நோட்டில் எழுது. உங்கள் கிணறு முப்பதுக்கு முப்பது. ஓரடித் தண்ணீர் என்றால் 900 கன அடி, ஏறத்தாழ 25,000 லிட்டர்; ஓரங்குலம் 2,100 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ராத்திரி அரையடி ஊறுகிறது என்று நீ சொன்னது மெய்யானால், பகல் ஊற்றைக் கணக்கில் சேர்க்காமலே நாளுக்கு 12,000 லிட்டருக்கு மேல் உன் கையில் இருக்கிறது.

இனி செலவு. வீட்டுக்கு 600 லிட்டர் வை. வெயில் காலத்தில் ஒரு மாட்டுக்கு 60 லிட்டர், ஓர் ஆட்டுக்கு ஐந்தாறு லிட்டர் என்றால், நாலு மாடும் நாற்பது ஆடும் சேர்த்து 500 லிட்டர் சுற்றித்தான். இதில் கை வைக்காதே. மிச்சமெல்லாம் தென்னைக்கு என்று வைத்துக்கொள். வட்டப்பாத்தி கட்டிப் பாய்ச்சினால் கோடையில் மரத்துக்கு ஆறு நாளைக்கு 410 லிட்டர் என்பது வேளாண் பல்கலைக்கழகத்துக் கணக்கு. 300 மரத்துக்கு அது நாளுக்கு 20,000 லிட்டர் கேட்கும், உன்னிடம் இல்லை. அதே பல்கலைக்கழகம் கடும் தட்டுப்பாட்டுக்கு என்று வேறொரு கணக்கும் தந்திருக்கிறது: சொட்டுநீரில் மரத்துக்கு நாளுக்கு 22 லிட்டர். 300 மரத்துக்கு 6,600 லிட்டர். காய்ப்பு குறையும், மரம் நிற்கும். உன் அரையடி ஊற்றுக்கு இது தாராளமாக அடங்குகிறது, பார்த்தாயா? தண்ணீர் இல்லை என்று நீ சொன்னது வாய்க்காலில் பாய்ச்சுகிற அளவுக்கு இல்லை என்றுதான் அர்த்தம். ஊற்று பாதியாகக் குறைந்தால்கூட வீடும் மாடும் போக மரத்துக்குப் பதினாறு பதினேழு லிட்டர் தேறும்.

ஸ்டார்ட்டரில் ஆட்டோ சுவிட்சை இன்றைக்கே நிறுத்து. ராத்திரி மூன்று மணிக்கு மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், கிணறு வற்றி வெறும் காற்றை இழுக்கும், காயில் கருகும். 1990லிருந்து எல்லா விவசாயிக்கும் கரண்ட் இலவசம். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில் மின்கட்டணத்துக்காகக் கோவைக்குள் மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்திய தலைமுறை எங்கப்பாவுடையது. அந்தச் சலுகையை நான் குறை சொல்ல மாட்டேன். மீட்டர் ஓடவில்லை என்பதால் கிணற்றையும் மறந்துவிட்டுத் தூங்குகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

மூடாக்குக்கு வருகிறேன். சாளைக்குப் பின்னால் குவிந்து கிடக்கிற உரிமட்டையை நார் மில்லுக்கு விற்றுவிடாதே, என்ன விலை சொன்னாலும். மரத்தடியில் ஆறடி ஆரத்துக்கு வட்டம் எடுத்து, மட்டையின் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்க, முதுகு மேலே தெரிய நெருக்கமாகக் கவிழ்த்து அடுக்கு. ஒரு மரத்துக்கு நூறு மட்டை பிடிக்கும். முதலில் மண்ணை நன்றாக நனைத்துவிட்டு அடுக்க வேண்டும். காய்ந்த மண்ணை மூடுவதில் புண்ணியமில்லை. சொட்டுக் குழாய் மட்டைக்கு அடியில் போகட்டும். நாலைந்து நாள் கழித்து மத்தியான வெயிலில் ஒரு மட்டையைப் புரட்டி விரலை மண்ணில் விட்டுப் பார். பக்கத்து வெற்றுத் தரை கொதிக்கும்போது இங்கே விரல் குளிர வேண்டும். மண்புழு கண்ணில் பட்டால் இன்னும் நல்லது. கரையான் ஏறினால் தெரியும், அதையும் பார்த்துக்கொள். மட்டை பற்றாத மரங்களுக்குக் காய்ந்த ஓலையைப் போடு, ஒரு மரத்துக்குப் பதினைந்து. வாய்க்காலை எடுத்துவிட்டுக் காலியாகக் கிடக்கிற இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழியெடுத்து மட்டையைப் புதைப்பதாக இருந்தால், அங்கே குழிந்த பக்கம் மேலே இருக்கட்டும். மழை பெய்தால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடி மட்டைகள் தொங்க ஆரம்பித்தால் மரத்துக்கு மூன்று, மிஞ்சினால் ஐந்து வெட்டிவிடு. அதற்கு மேல் பச்சை மட்டையில் அரிவாள் படக்கூடாது. குரும்பை கொட்டும். கொட்டினால் பதறாதே. பாளை மொட்டாகக் கருக்கொண்டு வெளியே வெடிக்க இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகவே இந்தக் கோடையின் தாகம் அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் காயில் தெரியும். காய் குறைந்ததே என்று வைகாசியில் யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதே. ஈரமில்லாத மண்ணில் உரம் வேரைச் சுடும்.

எல்லா மரத்தையும் காப்பாற்ற முடியாது என்று வந்தால், எதை விடுவது என்பதை வெயில் முடிவு செய்யும்படி விட்டுவிடாதே. வடக்கு வரிசையில் இருக்கிற கிழட்டு மரங்கள் உங்க தாத்தா வைத்தவை. ஏணி எட்டாது, காயும் விரல்விட்டு எண்ணலாம். உங்கப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், அவர் வாயாலேயே சொல்ல வைத்து, சுண்ணாம்பால் குறி போடு. அந்த மரங்களுக்குக் குழாயை அடைத்துவிடு. பட்டுப்போனால் உடனே வெட்டித் தண்டை விற்றுவிடு, கொண்டையை எரித்துவிடு. அழுகிய கொண்டையில் வண்டு சேர்ந்தால் நல்ல மரத்துக்கு வரும். போன வருஷம் வைத்த தென்னம்பிள்ளைகள் நேர் எதிர். அவற்றுக்குத் தென்மேற்குப் பக்கம் கீற்றுத் தடுக்கு கட்டு, தண்ணீரில் முதல் பங்கு கொடு. சின்ன வெங்காயம் இந்தப் போகம் வேண்டாம். விலை ஏறும் என்று யாராவது சொல்வார்கள். ஏறட்டும்.

உங்கம்மாவின் கொல்லைக்குத் தனியாக எழுதத் தேவையில்லை, அவளே பார்த்துக்கொள்வாள். துணி துவைக்கிற கல்லிலிருந்து கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் ஒரு சின்ன வாய்க்கால் மட்டும் வெட்டிக் கொடு. எலுமிச்சைக் கன்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, அடியில் ஓட்டை போட்டுத் துணித்திரி செருகி, வாயை மூடி வை. வாரம் இரண்டு தரம் நிரப்பினால் கன்று பிழைக்கும்.

கொறங்காட்டைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. நம் பக்கத்தில் வறட்சிக்கென்றே முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு அதுதான். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம். கிணற்றை ஒரு சொட்டும் கேட்காது. கோடையில் வெள்வேல் காய் உதிரும்போது ஆடுகள் அதைப் பொறுக்கியே வயிறு நிரப்பும். ஆனால் நாலு துண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் புல் வேரோடு போய்விடும். இரண்டுக்குப் படலைச் சாத்திப் பூட்டு. காய்ந்து பொடியானதுபோல் தெரிந்தாலும் அடிக்கட்டை உயிரோடு இருக்கும், ஒரு மழைக்குத் தளிர்க்கும். மாட்டுக்குச் சோளத்தட்டை இப்போதே வாங்கிப் போர் போட்டுவிடு. இந்தப் போர் எனக்குச் சம்மதம்! சித்திரையில் வாங்கப் போனால் விலை பேசவே முடியாது.

இன்னொன்று. கோடை வைகாசியோடு முடிகிறது என்று கணக்குப் போட்டுவிடாதே. பத்திரிகையில் கேரளாவில் பருவமழை தொடங்கியது என்று போடுவார்கள். நமக்கு வருவது அதன் காற்று மட்டும். மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி முழுக்க அடிக்கிற வறண்ட காற்று சித்திரை வெயிலைவிட வேகமாக ஈரத்தை உறிஞ்சும். 2017இல் சித்திரையைத் தாண்டிய மரங்கள் ஆடியில் பட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே புரட்டாசி பிறக்கும்வரை ஊற்று தாங்குமா என்று பார்த்துத் தண்ணீரைப் பிரி. இடையில் ஒரு கோடைமழை பெய்தால் அது கணக்கில் வராத லாபம்.

கிணறு இவ்வளவு இறங்கியிருக்கும்போது தூர் வாருவது நல்ல யோசனைதான். ஆயில் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்ட மட்டும் யாரையும் விடாதே. அந்தப் புகை வெளியே போக வழியில்லாமல் அடியிலேயே நிற்கும். முதலில் இறங்கினவன் மயங்குவான், தூக்கப் போனவனும் விழுவான். மின்மோட்டாரால் இறை, இடுப்பில் கயிறு கட்டாமல் ஓராளும் இறங்கக்கூடாது, மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். மேற்கு மூலையில் உங்கப்பா கைவிட்ட பழைய போர்க் குழிக்கு இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்துவிடு. 2019இல் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது அப்படி ஒரு குழியில்தான்.

மழை வந்த பிறகு ஒரு எச்சரிக்கை. அறுத்த சோளக்கட்டையில் முதல் மழைக்குப் பச்சைப்பசேலென்று தளிர் கிளம்பும். மாதக்கணக்கில் காய்ந்த தட்டையே தின்ற மாடு அதைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அந்த இளந்தளிரிலும், வறட்சியில் வாடி நிற்கிற குட்டைச் சோளத்திலும் சயனைடு விஷம் இருக்கிறது. வயிறு நிறைய மேய்ந்த மாடு தொழுவத்துக்குத் திரும்பாது. பயிர் பூவெடுக்கும்வரை பச்சையாகப் போடாதே. மேய்ந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் கால்நடை டாக்டரைக் கூப்பிடு.

ஒரு வார அளவை எழுதி அனுப்பு. போர் பற்றி அப்புறம் பேசுவோம். உங்கப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா என்றும் எழுது. கேட்டால் அவர் போட்டேன் என்றுதான் சொல்வார்.

அன்புடன்,
மாமா