கத்துக்குட்டி என்றால் கலங்காதே

கண்ணு, பிழைதிருத்தும் வேலையில் சேர்ந்த முதல் வாரமே யாரோ உன்னைக் 'கத்துக்குட்டி' என்று சொல்லிவிட்டதாக வருந்தி எழுதியிருந்தாய். 40 ஆண்டுகள் புரூஃபோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், கேள்.

1. அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார். கற்றுக்குட்டிதான் பேச்சில் கத்துக்குட்டி ஆயிற்று. அதில் கல்வியும் இருக்கிறது, குட்டி என்ற செல்லமும் இருக்கிறது. என் ஃபோர்மேன் அப்படி அழைத்த நாளில் நான் கோபித்துக்கொண்டு பாதியில் வீட்டுக்குப் போனேன். அன்று கற்றிருக்க வேண்டியது போனதுதான் மிச்சம்.

2. பன்னாடையாக இராதே. நன்னூலில் பவணந்தி முனிவர் கடை மாணாக்கருக்குச் சொன்ன உவமைகளில் நெய்யரி என்னும் இந்தப் பன்னாடையும் ஒன்று. அது நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரியவர்கள் திட்டும்போது திட்டு மட்டும் நெஞ்சில் தங்கினால், அதனோடு வந்த பாடம் வடிந்துபோகும்.

3. திருத்துமுன் கேள். கொங்கு நாட்டு எழுத்தாளர் ஒருவரின் கதையில் "பொழுதோட வா" என்று இருந்தது. நான் அதைச் 'சீக்கிரம் வா' என்று மாற்றிவிட்டேன். புத்தகம் வந்தபின் அவர் என் மேசைக்கு வந்து, "எங்க ஊர்ல பொழுதோடன்னா சாயங்காலம், தம்பி" என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை. கேட்டால் ஒரு நிமிட வெட்கம். கேட்காவிட்டால் அச்சில் ஏறிய வெட்கம்.

4. தெரியாததைத் தெரியாது என்று சொல். 1880-இல் உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சேலம் இராமசுவாமி முதலியார் என்ன படித்தீர்கள் என்று கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டபோது, இல்லை என்றார். அந்த 'இல்லை'யிலிருந்து அவர் மறுபடி மாணவரானார். சிந்தாமணி சமணக் காப்பியம் என்பதால், அவ்வூர்ச் சமணர்களிடம் போய் அமர்ந்து அவர்கள் சமயச் சொற்களைக் கேட்டுக் கற்றார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பண்டிதரே குட்டியாகலாம் என்றால் உனக்கென்ன குறை?

5. பணிவு வேறு, பயம் வேறு. பாற்கடலை நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனை என்று கம்பர் தம்மை அவையடக்கத்தில் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொன்னவர் கரையிலேயே உட்கார்ந்துவிடவில்லை. ஏறத்தாழ 10,000 பாடல்கள் பாடினார். நீயும் தயங்காமல் அடுத்த பக்கத்தை எடு.

6. நாளை உன் பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக ஒரு பிள்ளை வரும். அது புள்ளி வைக்க மறக்கும், வரி தாண்டிப் படிக்கும். அப்போது உன் வாயிலும் இந்தச் சொல் வரலாம். வந்தால், 'குட்டி' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல், கண்ணு.