கோத்தகிரி மலைப்பாதையில் கூட்டுச் சைக்கிள் பயணம்

அன்புள்ள மருமகனுக்கு,

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் மலைச்சாலை ஏறக்குறைய 33 கிலோமீட்டர் நீளம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோத்தகிரி சுமார் 1,800 மீட்டரில். ஆக, ஏற வேண்டியது கிட்டத்தட்ட 1,475 மீட்டர். நூறு மீட்டருக்கு நான்கரை மீட்டர் உயர்வு என்பது சராசரிக் கணக்குதான். ஊரைத் தாண்டும் வரை சாலை பெரும்பாலும் சமதளமாகவே போவதால், மலைக்குள் நுழைந்தபின் சாய்வு இதைவிடக் கூடுதல். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறிய பிறகு, ஆங்கிலேயர் மலைக்குப் போட்ட முதல் பாதையும் சிறுமுகையிலிருந்து இந்தக் கிழக்குச் சரிவு வழியாகத்தான் கோத்தகிரிப் பக்கம் போனது. சைக்கிளில் முதன்முறையாக மலையேறுகிற நண்பர் கூட்டத்துக்கு நீலகிரியின் சாலைகளில் இதுவே ஏற்றது. குன்னூர்ச் சாலையில் வாகன நெரிசல் அதிகம். மசினகுடியிலிருந்து ஏறும் கல்லட்டிச் சாலை மிகச் செங்குத்தானது, பழகாதவர்களைக் கூட்டிப்போகும் இடமல்ல.

பயணத்தை ஏற்பாடு செய்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது வேகம். சமதளத்தில் பத்துப் பேர் ஒரே வரிசையில் பேசிக்கொண்டே மிதிக்கலாம். ஒருவர் பின்னால் ஒருவர் ஒண்டிப்போவதால் காற்றின் தடை குறைந்து, வலுக் குறைந்தவரும் ஈடுகொடுக்க முடியும். ஏற்றத்தில் அந்த உதவி கிடைக்காது. அங்கே உழைப்பு முழுவதும் உடலையும் வண்டியையும் மேலே தூக்குவதற்கே போய்விடுகிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 95 வாட் தேவைப்படும், 12 கிலோமீட்டருக்கு 150 வாட். பயிற்சி இல்லாதவர் முதல் அளவைத்தான் சில மணி நேரம் தாங்குவார். எனவே ஒரே குழுவில் ஒருவர் மூன்று மணி நேரத்துக்குள் மேலே போய்ச் சேர்வதும் இன்னொருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதும் இயல்பு. மெதுவாக ஏறுபவரை வேகமானவருடன் ஓட்டவைத்தால் பாதி வழியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிடுவார். வேகமானவரை நிறுத்தி நிறுத்தி ஓட்டவைத்தால் அவர் கால் இறுகும், மனமும் கசக்கும். ஏற்றத்தில் அவரவர் வேகத்தில் மிதிப்பது, குறித்த இடங்களில் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருப்பது என்பதே நண்பர்களுக்கு ஒத்துவரும் ஒரே முறை. நேரக் கணக்கு முழுவதும் கடைசியாக வருபவரை வைத்தே போடப்பட வேண்டும்.

காத்திருக்கும் இடங்களை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சாலையில் குஞ்சப்பனையும் அரவேணுவும் அதற்குப் பொருத்தமானவை. குஞ்சப்பனை சோதனைச் சாவடி உள்ள இடம், அரவேணு கோத்தகிரிக்குச் சில கிலோமீட்டர் முன்னால் உள்ள ஊர். இடையில் இன்னும் ஒரு நிறுத்தம் வைப்பதானால் ஏதாவதொரு டீக்கடை போதும். கொண்டை ஊசி வளைவில் மட்டும் நிற்கக் கூடாது, பேருந்துகள் அங்கே சாலை முழுவதையும் எடுத்துத்தான் திரும்பும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசி ஆள் வந்தவுடனே மற்றவர்கள் கிளம்பிவிடும் பழக்கம் பல குழுக்களில் உண்டு. முன்னால் வந்தவருக்கு இருபது நிமிட ஓய்வு, பின்னால் வந்தவருக்கு ஒன்றுமில்லை என்றால் அதில் நட்பு எங்கே இருக்கிறது? கடைசி ஆள் உட்கார்ந்து தண்ணீர் குடித்து எழுந்த பிறகே கூட்டம் நகர வேண்டும்.

குழுவிலேயே வலுவான, பொறுமையான ஒருவர் கடைசி ஆளுக்குப் பின்னால் மட்டுமே ஓட்டுவது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பம்பு, இரண்டு மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், அறுந்த செயினைக் கோக்கும் கருவி, முதலுதவிப் பை எல்லாம் அவரிடம் இருக்க வேண்டும். இவை முன்னால் போகிறவரிடம் இருந்து பயனில்லை. பஞ்சரானவர் அவருக்குப் பின்னால்தான் நிற்பார், மலையில் செல்போன் தொடர்பும் எல்லா வளைவிலும் கிடைப்பதில்லை. ஆள் எண்ணிக்கை பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரிப்பது நல்லது.

மாதத் தேர்வு அடுத்தது. நீலகிரியின் கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பாதையில் திட்டம் போடாமல் இருப்பதே முறை. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்குப் போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, திரும்புபவற்றைக் கோத்தகிரி வழியாக இறக்குவது வழக்கம். அப்போது ஏறுபவர் எதிரே கார் வரிசை ஓயாது. அதற்கடுத்த பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலையோரம் வரும். மழையும் கூட்டமும் குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களே மிஞ்சுகின்றன. அந்த மாதங்களிலும் யானை இல்லாமல் போவதில்லை. நேரத்தோடு போய்ச் சேரும் ஆசையில் இருட்டில் கிளம்பாமல், நன்றாக விடிந்த பிறகே மலையடிவாரத்தைத் தாண்ட வேண்டும். வழியில் யானை தென்பட்டால் தூரத்திலேயே இறங்கி நின்று, பேருந்தோ லாரியோ வரும்வரை பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழி தேடக் கூடாது. படம் எடுப்பதற்காக ஓரடி கூட முன்னே போகக் கூடாது.

சைக்கிளைப் பொறுத்தவரை விலையைவிடக் கியரே முக்கியம். முன்பக்கப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 34 பல் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 65, 70 மிதி என்ற நிதானத்தில் வண்டி மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்று மேலே நகரும், முழங்காலுக்கும் நோவு இராது. 44, 18 பல் கொண்ட கியரில்லாத சைக்கிளில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 26 மிதிதான் விழும். ஒவ்வொன்றும் எழுந்து நின்று அழுத்த வேண்டிய மிதி. அப்படி ஒரு சைக்கிள்தான் இருக்கிறது என்று சொல்லும் நண்பரை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை, கியர் சைக்கிள் ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்கித் தருவது ஏற்பாட்டாளரின் பொறுப்பு. இருக்கை உயரம், செயின், பிரேக் கட்டைகள், டயர் ஆகியவற்றை முந்தைய வாரமே பார்த்துவிட வேண்டும். புறப்படும் காலையில் பார்த்தால் சரிசெய்யக் கடை திறந்திருக்காது. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் வருவதுதான் சரி. 1,800 மீட்டரில் உயரத்தால் வரும் நோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை.

இந்த ஏற்றம் ஒருவரிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலோரியை வாங்கிவிடும். வயிறு நிறைய இட்லி தின்றுவிட்டு உடனே மலையேறுவதும், வெறும் டீயோடு கிளம்புவதும் ஒரே அளவு தவறு. மிதமாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி, வழியில் முக்கால் மணிக்கு ஒருமுறை வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் என்று ஏதாவது ஒன்றை மென்றுகொண்டே போவது நல்லது. பசி தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையக் கூடாது, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு குப்பியில் தனியாக இருக்கட்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் நிரப்பிக்கொள்ளக் கூடிய குப்பிகளையே கொண்டுபோக வேண்டும்.

துணைக்குக் கார் ஒன்று வருமானால் அதற்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். கார் சைக்கிள்களின் பின்னாலேயே ஊர்ந்து வந்தால் சாலையை அடைத்துப் பேருந்துக்காரர்களின் கோபத்தைத்தான் சம்பாதிக்கும், அது நிறுத்தத்திலிருந்து நிறுத்தத்துக்குப் போய் நிற்பதே சரி. முடியாதவர் அதில் ஏறிக்கொள்வதை யாரும் கேலி பேசக் கூடாது என்பதைப் புறப்படும் முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கேலிக்கு அஞ்சி வண்டியில் ஏறாமல் மயங்கி விழுபவர் உண்டு.

இறக்கம் ஏற்றத்தைவிட ஆபத்தானது. இதற்குத்தான் அதிகம் பேர் தயாராக வருவதில்லை. மேலே வெப்பநிலை அடிவாரத்தைவிட ஒன்பது, பத்து டிகிரி குறைவாக இருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் விரல் விறைத்து, பிரேக் பிடிக்கும் பலம் போய்விடும். மாற்றுச் சட்டையும் காற்றுப் புகாத மெல்லிய மேலங்கியும் காரில் மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 85 கிலோ எடை 1,475 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்று வாங்கிக்கொள்வது போக மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் வெப்பமாக மாறுகிறது. இடைவிடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே நேர்சாலையில் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கை விட்டு, மறுபடியும் பிடிப்பது என்று விட்டுவிட்டுப் பயன்படுத்த வேண்டும். ஒருவருக்கொருவர் ஐம்பது மீட்டராவது இடைவெளி வேண்டும், முந்துவது கூடாது. பிரேக் பிடிக்கப் பழகாதவர்களும் மாலை வரை தங்கிவிட்டவர்களும் சைக்கிளைச் சரக்கு வேனில் ஏற்றி இறங்குவதே மேல். பொழுது சாய்ந்த பின் சைக்கிளில் இறங்குவதை யாருக்காகவும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஏறும்போது நின்ற அதே இடங்களில் இறங்கும்போதும் நின்று தலை எண்ண வேண்டும், மேட்டுப்பாளையத்தில் கடைசி எண்ணிக்கை சரியான பிறகே ஊருக்குப் பிரிய வேண்டும்.

அன்புடன்,
மாமா