கொள்ளை நோய்க் காலமும் நமது சங்கங்களும்

2020-ஆம் ஆண்டின் பங்குனி மாதத்தை நம் பகுதி விவசாயியும் நெசவாளியும் எளிதில் மறக்க மாட்டார்கள். மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. ரயில் நின்றது, பஸ் நின்றது, கடைவீதிகள் மூடப்பட்டன. ஆனால் பயிர் நிற்கவில்லை. திண்டிவனம், மரக்காணம் பகுதிகளில் தர்ப்பூசணி பழுத்துக் கிடந்தது. மார்கழிப் பட்டத்து மணிலாக் கொட்டை பறிக்கும் பருவத்தை அடைந்தது. சிறுவந்தாட்டிலோ, சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை எண்ணி நெய்த பட்டுச் சேலைகள் மடித்தபடியே இருந்தன.

விளைவில் குறைவில்லை, உழைப்பிலும் குறைவில்லை. எனினும் வீடுகளில் வருமானம் நின்றது. குறைந்தது யாது? அதனை மீண்டும் குறையாமல் காப்பது எங்ஙனம்? இவ்விரு கேள்விகளையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

எது அறுந்தது?

உழவுப் பணிகளுக்கும் விளைபொருள் விற்பனைக்கும் ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே மத்திய அரசாங்கம் விலக்கு அளித்தது. ஆகவே, சட்டம் நம் விவசாயியை வயலிலிருந்து விரட்டவில்லை. ஆனால் பழத்தை ஏற்ற லாரி வரவில்லை. விலை பேச வியாபாரி வரவில்லை. வாங்கித் தின்னத் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை.

விழுப்புரமும் திண்டிவனமும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மேல் அமைந்த ஊர்கள். விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பு. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரிகின்றன. இது நமது பாக்கியம். ஆனால் அந்தச் சாலையின் மறுமுனையில் உள்ள ஒரே பெரிய சந்தையை நம்பி நம்மில் பலர் பயிரிட்டு வந்தோம். அச்சந்தை கோயம்பேடு.

2020 ஏப்ரல் இறுதியில் கோயம்பேட்டில் நோய் பரவிற்று. மே 5-ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. மே 10 முதல் காய்கறி வியாபாரம் திருமழிசையில் தற்காலிகமாக நடைபெற்றது. கோயம்பேட்டில் மூட்டை சுமந்த நம் மாவட்டத்தாரும், கடலூர், அரியலூர் மாவட்டத்தாரும் பிழைப்பிழந்து ஊர் திரும்பினர். அவர்களுடன் நோயும் கிராமங்களுக்கு வந்தது. அத்தொழிலாளரைக் குறை கூறுவது நியாயமன்று. அவர்கள் சுமந்தது நமது மூட்டைகளையே. செப்டம்பர் 28-ஆம் தேதிதான் கோயம்பேட்டின் காய்கறிச் சந்தை மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு வாசலையே நம்பிய வீட்டார், அவ்வாசல் அடைபட்டால் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியவராவர் என்பது இதனால் விளங்கும்.

காத்திருக்கும் வலிமை

மேலே கூறிய மூன்று பொருள்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

தர்ப்பூசணி காத்திராது. பழுத்த பழத்தைச் சில நாட்களில் விற்றாக வேண்டும். இல்லையேல் நிலத்திலேயே உழுது விட வேண்டும்.

மணிலாக் கொட்டை, நம் ஊர் வழக்கில் மல்லாட்டை, நன்றாகக் காய்ந்திருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆனால் அதன் சொந்தக்காரரால் காத்திருக்க இயலாது. கூலி கொடுக்க வேண்டும். அரிசி வாங்க வேண்டும். ஆதலால் விலை வீழ்ந்த நாளிலேயே விற்று விடுகிறார்.

பட்டுச் சேலையும் காத்திருக்கும். ஆனால் அது கிடங்கில் உறங்கும்போது சங்கத்தின் பணமும் அதனுடன் உறங்குகிறது. சேலை விற்றால்தான் அடுத்த பாவுக்குப் பட்டும் ஜரிகையும் வாங்க முடியும். திருமணங்களுக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடலாகாது என்று விதித்த அக்கோடையில் சேலை விற்பனை தளர்ந்தது. தறி பழுதின்றி இருந்தும் நெசவாளியின் கை சும்மா இருந்தது.

ஆகவே குறைந்தது பொருள் அன்று. பொருளை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வலிமை. தனி மனிதருக்கு அவ்வலிமை அரிது. பலர் சேர்ந்த சங்கத்திற்கே அது கைகூடும்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் கிடைக்கும் பொருளீட்டுக் கடனை எடுத்துக்கொள்வோம். 1,00,000 ரூபாய் மதிப்புள்ள மணிலாவைக் கிடங்கில் வைத்து, அதன் பேரில் ஓர் அங்கத்தினர் 75,000 ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 என வைத்தால், நான்கு மாதத்திற்கு வட்டி 1,500 ரூபாய். அதற்குள் விலை நூற்றுக்கு 10 ஏறினால் அவருக்கு 10,000 ரூபாய் அதிகம் கிடைக்கும். வட்டி போக 8,500 ரூபாய் மிஞ்சும். விலை இறங்கினால் நஷ்டமும் அவரையே சாரும். காத்திருப்பது எப்போதும் இலாபம் தரும் என்று நாம் கூறவில்லை. விற்கும் நாளைத் தேவை நிர்ணயிக்காமல் தாமே நிர்ணயிக்கும் உரிமை அங்கத்தினருக்கு வேண்டும் என்றே கூறுகிறோம்.

வந்த உதவியும் அதன் கணக்கும்

அரசாங்க உதவி வராமற் போகவில்லை. 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அரிசிக் குடும்ப அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் அளிக்கப்பட்டன. 2021-இல் இரு தவணைகளாக 4,000 ரூபாயும் 14 வகை மளிகைப் பொருள்களும் வழங்கப்பட்டன. இவை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் நியாய விலைக் கடைகள் மூலமே மக்களைச் சென்றடைந்தன. நோய்க்கு அஞ்சி ஊரே கதவடைத்தபோது கடையைத் திறந்து நின்ற சங்க ஊழியர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

கடன் தவணைகளை 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பலர் இதனைத் தள்ளுபடி என்று எண்ணி ஏமாந்தனர். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. நூற்றுக்கு 12 வட்டியில் 1,00,000 ரூபாய் கடனுக்கு ஆறு மாதத்தில் 6,000 ரூபாய் வட்டி ஏறிவிடும். அவ்வட்டியின் மேல் வட்டி வாங்கலாகாது என்று 2021 மார்ச் 23-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் மூல வட்டி கட்டவேண்டியதே.

2021 பிப்ரவரி 5-இல் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி செய்யப்படும் என மாநில அரசாங்கம் அறிவித்தது. பயன் பெறுவோர் 16.43 இலட்சம் விவசாயிகள் எனக் கூறப்பட்டது. துன்புற்றவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அங்கத்தினர் திருப்பும் பணமே அடுத்த அங்கத்தினருக்குக் கடனாகச் செல்கிறது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். தள்ளுபடித் தொகை சங்கத்திற்கு வந்து சேரும் வரையில் அச்சுழற்சி தளரும். உதவி ஊன்றுகோல், கால் நம்முடையதாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது அடி

துன்பம் தனியே வருவதில்லை. 2020 நவம்பர் 25-ஆம் தேதி இரவில் நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்திற்கும் அருகே கரை கடந்தது. அவ்வாண்டு இறுதி முதல் பருத்தி நூல் விலை ஏறத் தொடங்கி, 2022 வரை நெசவாளியை வாட்டிற்று. 2021 மே மாதத்தில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. பின்னர் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் தாக்கியபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிற்று. அடுத்த இடர் நோயாகத்தான் வரும் என்பதில்லை. எந்த இடருக்கும் தேவைப்படும் ஆயத்தம் ஒன்றே.

முன்னோர் காட்டிய வழி

கூட்டுறவு இயக்கமே துன்ப காலத்தில் பிறந்த குழந்தையாகும். 1844-இல் இங்கிலாந்து தேசத்தின் ராச்டேல் நகரில் கூலி போதாமல் வாடிய 28 தொழிலாளர்கள் கூடிக் கடை திறந்தனர். அவருள் பலர் நெசவாளர். 1846–47-ஆம் ஆண்டின் பஞ்சக் குளிர்காலத்தில் ஜெர்மனியில் ரெய்பைசன் என்பார் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் சங்கம் அமைத்தார். பின்னர் உழவர் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டியானார். நம் நாட்டில் 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸும் கைத்தறியாளரின் விற்பனைத் துன்பத்தைப் போக்கவே எழுந்தது.

நாம் செய்ய வேண்டுவன

1. நல்ல ஆண்டில் காப்பு நிதியை வளர்த்தல் வேண்டும். இலாபம் முழுவதையும் பங்கீவுத் தொகையாகக் கேட்பது, விதை நெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும்.

2. ஒரு சந்தையை மட்டும் நம்பலாகாது. விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி, திருவண்ணாமலை ஆகிய ஊர்களின் உழவர் சந்தைகள், விடுதிகள், கடைகளுடன் அமைதியான காலத்திலேயே தொடர்பு கொள்ளல் வேண்டும். நெசவாளர் சங்கங்களும் முகூர்த்தச் சேலையோடு அன்றாடம் உடுக்கும் துணி வகைகளையும் நெய்தல் நலம்.

3. உலர்களம், கிடங்கு, தரம் பிரிக்கும் சாதனம் ஆகியவற்றை நாடுதல் வேண்டும். 2020 ஆகஸ்டில் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியின் கீழ், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களும் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு நூற்றுக்கு 3 வீதம் வட்டிச் சலுகை பெற வழி செய்யப்பட்டது. திண்டிவனத்தை அடுத்துச் சிப்காட் உணவுப் பூங்காவும் அமைந்துள்ளது. தனியாகச் செல்லும் விவசாயி அங்கே ஆலையின் விலைக்கு விற்பார். சங்கமாகச் செல்வோர் விலை பேசி விற்பர்.

4. விவசாயியும் நெசவாளியும் ஒருவரையொருவர் ஆதரித்தல் வேண்டும். அறுவடைக்குப்பின் விவசாயி கையில் பணம் இருந்தால் சேலை விற்கும். தறி ஓடினால் நெசவாளி வீட்டில் நம் அரிசியும் எண்ணெயும் செலவாகும்.

இவற்றுள் எதனையும் வெள்ளம் வந்தபின் செய்ய இயலாது. கரை, வெயில் நாளில் போடப்படுவது.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

அ. நம் சங்கத்தின் விற்பனையில் எத்தனை பங்கு ஒரே வியாபாரியிடமோ ஒரே ஊரிலோ நடைபெறுகிறது?

ஆ. விற்பனை மூன்று மாதம் நின்றால், அங்கத்தினருக்குக் கூலியோ முன்பணமோ கொடுக்கச் சங்கத்திடம் எவ்வளவு நிதி உண்டு?

இ. அருகிலுள்ள கிடங்கில் சென்ற பருவத்தில் எத்தனை அங்கத்தினர் பொருள் வைத்துக் கடன் பெற்றனர்? மற்றவர் பெறாமைக்குக் காரணம் யாது?

இம்மூன்று விடைகளையும் அடுத்த பொதுக்கூட்டத்திற்கு முன் எழுதி வைப்போமாக.