பழைய வண்டியில் ஓஸ் ஒழுகினால்...

குழுக்கடனில் பழைய லோடு வண்டி வாங்கி ஓட்டுகிற உறுப்பினர்களுக்காக இதை எழுதுகிறோம். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கிற ரப்பர் ஓஸ், வருஷம் ஆக ஆக விறைத்து வெடிப்பு விடும். இல்லாவிட்டால் ஊதி மெத்தென்று ஆகிவிடும். காலையில் வண்டி ஆறியிருக்கும்போதே அமுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கிளிப் மாட்டும் முனையில்தான் கசியும்.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, டிரைவர் அண்ணன் "ஒண்ணும் ஆகாதுக்கா" என்றாலும் சரி! உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகியதும் பொங்கி முகத்தில் அடிக்கும். தொட்டால் சுடாத அளவு ஆறட்டும்.

முனை மட்டும் வெடித்து, ஓஸில் நீளம் மிச்சமிருந்தால், ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போட்டு இறுக்கலாம். நடுவில் கிழிந்தால் ஓஸையே மாத்தணும். சைக்கிள் டியூப் சுற்றுவதெல்லாம் பட்டறை போய்ச் சேரும் வரைதான். அதை நம்பி சந்தைக்கு லோடு ஏத்தாதீங்க. ஓஸ் செலவைத் தள்ளிப்போட்டால் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போகும், தவணைப் பணம் அங்கே கரையும்.

கீழே சிந்திய கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். இனிக்கும், ஆனால் விஷம். குழந்தையோ ஆடோ நாயோ வாய் வைப்பதற்குள் துடைத்து எடுத்துவிடுங்கள்.